கோணலை மரத்திலேயே தீர்ப்பது: ஓர் எஃப்3ஏ விமானத்தைச் செப்பனிட்ட பதிவு

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் லாரியில் காரைக்குடிக்கு வந்து இறங்கிய அந்த இரண்டு மீட்டர் எஃப்3ஏ மாதிரி விமானம் விற்றவர் சொல்லியிருந்தபடியே அடிபட்டிருந்தது. மோட்டாரைத் தாங்கும் பிளைவுட் தட்டு ஃபைபர் உடலிலிருந்து பாதி கழன்று தொங்கியது. தரைச்சக்கரங்களைப் பொருத்தும் தட்டு பிய்ந்திருந்தது. இடது இறக்கையின் வேர்ப்பகுதியில் முன்விளிம்பு நசுங்கி, இறக்கை திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளும் முளையின் துளை நீள்வட்டமாக விரிந்துபோயிருந்தது. வலது இறக்கைக்கும் வால் பகுதிக்கும் சேதமில்லை. விலை படிந்ததற்குக் காரணமே இந்த அடிதான் என்பதால் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

விற்றவர் தம் ட்ரான்ஸ்மிட்டரில், அதாவது தரையிலிருந்து விமானத்தை இயக்கும் கருவியில், இருந்த அமைப்புகளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். சேதத்தைக் காட்டிலும் அந்தப் படங்கள்தாம் எனக்கு அதிகம் சொல்லின. மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டரைத் தொட்டால், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் 11 சதவீதம் சேர்ந்து அசையும். விமானத்தை உருட்டும் ஏலரான் 8 சதவீதம் அசையும். மோட்டாரின் விசையைக் கூட்டும் த்ராட்டில் ஏற ஏற ரட்டர் வலப்பக்கம் சாயும். போதாக்குறைக்கு ஏலரானின் நடுநிலையையே ஒரு பக்கமாகத் தள்ளிவைத்த சப்-ட்ரிம் வேறு. நல்ல போட்டி வடிவமைப்பு ஒன்றுக்கு இவ்வளவு திருத்தம் தேவைப்படக் கூடாது. தரையில் மோதுவதற்கு முன்பே இந்த விமானம் எங்கோ கோணியிருந்திருக்க வேண்டும் என்றும், ஒன்றோடு இன்னொன்றைச் சேர்த்து அசைக்கும் இந்த மிக்ஸிங்கால் அந்தக் கோணல் மறைக்கப்பட்டிருந்தது என்றும் நான் ஊகித்தேன். ஆகவே உடைந்ததை ஒட்டுவதோடு நிற்காமல், எல்லா மிக்ஸிங்கையும் அழித்துவிட்டு, விமானத்தை முதலில் மரத்திலும் ஃபைபரிலுமே நேராக்குவது என்று முடிவு செய்தேன்.

எஃப்3ஏ என்பது ரேடியோவால் இயக்கப்படும் மாதிரி விமானங்களுக்கான வான்சாகசப் போட்டிப் பிரிவு. இறக்கையின் அகலமும் உடலின் நீளமும் 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும்; எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது; மின்மோட்டார் என்றால் பேட்டரியோடு சேர்த்துத்தான் அந்த எடை. விமானி சுமார் 150 மீட்டர் தொலைவில், தனக்கு இடமும் வலமும் 60 பாகைக்குள், அடிவானத்துக்கு மேலே 60 பாகைக்குள் அடங்கும் ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வரிசையாகச் சாகசங்களைச் செய்து காட்ட வேண்டும். நடுவர்கள் ஒவ்வொன்றுக்கும் 10லிருந்து தொடங்கிப் புள்ளிகளைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கிடைத்த புள்ளியை அந்தச் சாகசத்தின் கடினத்தைக் குறிக்கும் எண்ணால் பெருக்குவார்கள். ஏறத்தாழ 15 பாகைப் பிழைக்கு ஒரு புள்ளி என்பது பொதுவான அளவுகோல் என்றாலும், நேர்கோடுகள் கோணினால் அதைவிடக் கடுமையாகவே பார்க்கப்படும். பிரமிப்பூட்டுவதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது. கோடு கோடாகவும் வட்டம் வட்டமாகவும் இருக்கிறதா என்பதே கேள்வி. அதனால்தான், மற்ற மாதிரி விமானங்களில் யாரும் கண்டுகொள்ளாத அரைப் பாகைக் கோணல் இங்கே விமானியின் கட்டைவிரலுக்கு ஓயாத வேலை வைக்கிறது.

மிக்ஸிங் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது ட்ரான்ஸ்மிட்டரின் ஒரு குச்சியின் அசைவுக்கு ஏற்ப இன்னொரு பரப்பை இத்தனை சதவீதம் அசைக்கும் கணக்குதான். எந்த வேகத்தில், எவ்வளவு த்ராட்டிலில் சரிபார்த்தோமோ அங்கே பொருந்தும். வேறிடத்தில் கூடும் அல்லது குறையும். சுழன்றுகொண்டே வளையும் சாகசங்களில் ரட்டர் விநாடிக்கு விநாடி இடமும் வலமும் மாறும்போது, அதோடு ஒட்டிக்கொண்ட ஏலரான் சுழலும் வேகத்தையே குலைத்துவிடும். 1960ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் டூபன்டார்ஃபில் நடந்த முதல் உலகப் போட்டியில் அமெரிக்காவின் எட் கஸ்மிர்ஸ்கி தம் ஓரியன் விமானத்தால் வென்றபோது, அவர் கையில் இருந்தது ரீட் வகை ரேடியோ. பரப்பு முழுக்க அசையும், அல்லது அசையாது. இடைப்பட்ட நிலையே கிடையாது. அப்படிப்பட்ட ரேடியோவில் விமானத்தின் குணம் அதன் உடலிலேயே இருந்தாக வேண்டும். இன்றைக்கு வசதி இருக்கிறது என்பதற்காக அந்த ஒழுக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

வேலைக்கு முதல் தேவை தட்டையான ஒரு தளம். எங்கள் வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரை பார்க்க வழவழப்பாக இருந்தாலும், கையால் வார்த்த கற்கள் என்பதால் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் கல்லுக்குக் கல் மெல்லிய ஏற்ற இறக்கம் தெரியும். கடைசியில் முகப்பில் தொங்கிய பர்மாத் தேக்கு ஊஞ்சல் பலகையைக் கழற்றினேன். ஆறடிக்கு மேல் நீளம், மூன்று விரல் தடிமன், பல பத்தாண்டுகளாக உலர்ந்து இனி நெளிய வழியில்லாத மரம். பக்கத்துத் தெருவில் கதவு நிலை வேலை செய்யும் தச்சர் ஒருவர் வந்து, பலகையின் இரு முனைகளிலும் ஒரே அளவான சட்டம் ஒவ்வொன்றைக் குறுக்கே வைத்து, குனிந்து ஒரு கண்ணை மூடி, முன்சட்டத்தின் மேல்விளிம்பையும் பின்சட்டத்தின் மேல்விளிம்பையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். “முறுக்கு இல்ல தம்பி, நம்பி வேலையப் பாருங்க” என்றார். இரண்டு விளிம்புகளும் இம்மி பிசகாமல் ஒன்றை ஒன்று மறைத்தன. சாயங்காலம் தான் எதில் உட்காருவது என்று அப்பத்தா கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

மோட்டார் தட்டை முதலில் எடுத்துக்கொண்டேன். கழன்ற தட்டை அப்படியே எப்பாக்சி ஊற்றி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பழைய பசை ஃபைபரிலிருந்து வழுக்கிக் கழன்றிருந்ததால், அதன் மேல் ஒட்டுவது மறுபடியும் அதே இடத்தில் கழல்வதற்கே வழி. பழைய பசையைச் சிறு அரைக்கும் கருவியால் முழுக்கச் சுரண்டி, உட்சுவரை 80ஆம் எண் உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தேன். பழைய தட்டை வார்ப்பாக வைத்துப் புதிய பிளைவுட் தட்டை வெட்டினேன். பசையைக் கெட்டியாக்கச் சேர்க்கும் தூளில் ஒரு கவனம் வேண்டும்: மைக்ரோபலூன் தூள் இலேசானது, தேய்க்க எளிது, ஆனால் பலம் இல்லை. சுமை தாங்கும் மூட்டுக்குப் பஞ்சுத் துகள் கலந்த எப்பாக்சிதான் ஏற்றது. மூட்டின் மேல் ஒரு விரல் அகலத்துக்கு ஃபைபர் துணி நாடா ஒன்றையும் படியவைத்தேன்.

பங்குனி வெயிலில் செட்டிநாட்டில் எப்பாக்சியோடு வேலை செய்கிறவர்கள் கடிகாரத்தை நம்பக் கூடாது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பொதுக் கணக்கு. ஐந்து நிமிட எப்பாக்சி இங்கே தட்டைச் சரியான கோணத்தில் நிறுத்துவதற்குள்ளேயே ஜவ்வாகிவிடும். நான் மெதுவாக இறுகும் லேமினேட்டிங் ரெசினை எடுத்து, ஆழமான கிண்ணத்தில் தேங்கிச் சூடேறாமல் அகலமான தட்டில் பரப்பி, விடியலுக்கு முன் வேலையை முடித்தேன். இன்னொன்று: சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி, வெயிலில் பூட்டிய காருக்குள் எட்டும் சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். அதைத் தவிர்க்க, இறுகிய பின் மெல்லச் சூடேற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். அதற்கு இங்கே அடுப்பு தேவையில்லை. உடலை ஊஞ்சல் பலகையிலேயே தாங்கிகளில் நேராகப் பிணைத்து, மூக்குப் பகுதியைக் கறுப்புத் துணியால் மூடி, மொட்டைமாடியில் பகல் முழுக்க விட்டேன். தாங்கியில் பிணைக்காமல் வெயிலில் வைத்தால், பக்குவப்படும் போதே உடல் வளைந்து அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

தட்டு ஒட்டப்படும் கோணமே மோட்டாரின் கோணம் என்பதால், பசை வைப்பதற்கு முன்பே அளவு எடுத்தாக வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுழலும் ப்ரொப்பெல்லரின் காற்று உடலைச் சுற்றிச் சுருண்டு சென்று, வாலில் செங்குத்தாக நிற்கும் நிலைச்சிறகின் இடப்பக்கத்தைத் தள்ளும். அதனால் மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். இதை ஈடுகட்டவே மோட்டாரை இரண்டு மூன்று பாகை வலப்பக்கம் திருப்பிவைக்கிறார்கள். 2.5 பாகையில் தொடங்கலாம் என்று வைத்துக்கொண்டேன். கோணமானியால் அதை உடலுக்குள் அளப்பது இயலாத காரியம். அதற்குப் பதில், 20 அங்குல ப்ரொப்பெல்லரை மாட்டி, அதைப் படுக்கை வசமாக நிறுத்தி, வால்முனையின் மையத்தில் கட்டிய தூண்டில் நரம்பை முதலில் இடது நுனிக்கும் பிறகு வலது நுனிக்கும் இழுத்துப் பார்த்தேன். 20 அங்குலம் என்பது 508 மில்லிமீட்டர். அதற்கு 2.5 பாகையின் சைன் மதிப்பைப் பெருக்கினால் 22 மில்லிமீட்டர். இடது நுனி வலது நுனியைவிட அந்த அளவு வாலிலிருந்து தள்ளியிருந்தால் கோணம் சரி. நுனிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதை மட்டும் ரசமட்டத்தால் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தரைச்சக்கரத் தட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிய்ந்த தட்டுக்குப் பதிலாகப் புதியது ஒன்றை ஒட்டி, சக்கரக் காலைப் பிடிக்கும் இரும்பு போல்ட்டுகளை நைலான் போல்ட்டுகளாக மாற்றினேன். அடுத்த முறை முரட்டுத்தனமாக இறங்கினால் போல்ட் முறியட்டும், உடல் பிழைக்கட்டும்.

இடது இறக்கைதான் உண்மையான வேலையாக இருந்தது. தெர்மோகோல் உள்ளீட்டின் மேல் இலேசான பால்சா மரத் தோல் போர்த்திய இறக்கை அது. நசுங்கிய முன்விளிம்பைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, நார் ஓட்டம் இறக்கையின் நீளத்தோடு போகும்படி பால்சாக் கட்டை ஒன்றைப் பதித்தேன். வலது இறக்கையின் வேரில் அட்டையை வைத்து வடிவத்தைப் படி எடுத்து, அதைத் திருப்பி இடப்பக்கத்துக்கு அளவுகோலாக்கி, நீண்ட மரக்கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் மெல்ல மெல்ல இழைத்தேன். தச்சர் இதைப் பார்த்துவிட்டு, தேய்ப்பதற்கு முன் பென்சிலால் முழுப் பரப்பிலும் கிறுக்கச் சொன்னார். ஒரு முறை தேய்த்ததும் எங்கே கிறுக்கல் அழிந்திருக்கிறதோ அது மேடு, எங்கே மிஞ்சியிருக்கிறதோ அது பள்ளம். கைக்குத் தெரியாத பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடும் இந்த வித்தை தேக்கு நிலையில் எப்படியோ அப்படியே பால்சாவிலும் பலித்தது. மேலே போர்த்தும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டும்போது இஸ்திரியின் சூட்டைக் குறைத்தே வைத்துக்கொண்டேன். பால்சாத் தோலுக்கு அடியில் தெர்மோகோல் உருகினால் மேலே குழி விழுந்து பிறகு எதுவும் செய்ய முடியாது.

முளைத் துளை விரிந்திருந்ததால் இடது இறக்கை தன் இஷ்டத்துக்கு நின்றுகொண்டிருந்தது. கடையில் கிடைக்கும் மின்னணுக் கோணமானி 0.1 பாகை வரைதான் காட்டும். அதன் கடைசி இலக்கத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எனவே உடலை ரசமட்டத்தில் நிறுத்தி, இறக்கையின் முன்விளிம்பு முனையிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் பலகை வரை உள்ள உயரத்தை எஃகு அளவுகோலால் இரு பக்கமும் அளந்தேன். வேரில் இறக்கையின் அகலம் 450 மில்லிமீட்டர். வலது பக்கத்தோடு ஒப்பிட்டால் இடது பக்கம் முன்விளிம்பு 3 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக உயர்ந்திருந்தது. அதாவது ஏறக்குறைய 0.4 பாகை. ட்ரான்ஸ்மிட்டரில் ஏலரான் ஏன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிட்டது. ஒரு பக்க இறக்கை கூடுதலாகத் தூக்கும்போது ஏலரானைச் சாய்த்துச் சமன் செய்தால் விமானம் உருளாமல் போகும் என்பது மெய்தான். ஆனால் இரு பக்கமும் காற்றை இழுக்கும் அளவு வேறாகி மூக்கு மெல்லத் திரும்பும். அந்தத் திரும்பலுக்கு ரட்டர், ரட்டருக்கு ஒரு மிக்ஸிங் என்று சங்கிலி நீளும்.

துளையைப் பஞ்சுத் துகள் கலந்த எப்பாக்சியால் முழுக்க அடைத்து, இறுகிய பின் வலது இறக்கையின் உயரங்களைக் கொண்டு புதிதாகத் துளையிட்டேன். பிறகு முக்கோண அளவைகள்: வால்முனையிலிருந்து இரு இறக்கை நுனிகளுக்கும் நரம்பு இழுத்துத் தூரம் சமமா என்று பார்த்தல், நிலைச்சிறகின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு அது உடலின் மையக்கோட்டில் விழுகிறதா என்று பார்த்தல், பின்னால் நின்று வாலின் கிடைச்சிறகும் இறக்கையும் இணையாக இருக்கின்றனவா என்று, தச்சர் சட்டங்களைப் பார்த்த அதே முறையில் ஒரு கண்ணால் பார்த்தல். நிலைச்சிறகில் மட்டும் தூக்குக்குண்டு உச்சிக்கும் அடிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விலகியது. உடலோடு சேர்த்து வார்க்கப்பட்ட சிறகு அது. அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

கட்டுப்பாட்டுப் பரப்புகளில் செய்தது வழக்கமான வேலை. தேய்ந்த பந்து மூட்டுகளை மாற்றினேன், கீல் இடைவெளிகளை மெல்லிய டேப்பால் அடைத்தேன், இரு எலிவேட்டர்களும் ஒரே அளவு ஏறி இறங்குமாறு பரப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களின் கைகளைச் சரிசெய்தேன். சர்வோவைப் பிடித்துக்கொண்டு பரப்பின் பின்விளிம்பை விரலால் ஆட்டினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் அதற்குப் பின் செய்யும் எந்த ட்ரிம்மும், அதாவது நேராகப் பறக்கச் செய்யும் எந்த நுண் திருத்தமும், நிலைக்காது.

பேட்டரி ஐந்து செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) இரண்டைத் தொடராக இணைத்தது. முழு மின்னேற்றத்தில் 42.0 வோல்ட். விதி அனுமதிக்கும் உச்சம் 42.56 வோல்ட் என்பதால் பத்து செல் என்பது இந்தப் பிரிவில் எழுதாத வழக்கமாகிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு பேட்டரியைப் பற்றி நான் பாடம் எடுப்பது சரியாகாது. இருந்தாலும் இந்த வெயிலுக்கு ஒரு சொல். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, வீட்டின் குளிர்ச்சியான உள்ளறையில், மூடியை இறுக்கிப் பூட்டாத இரும்புப் பெட்டியில் வைக்கிறேன். முழு மின்னேற்றத்தோடு வெயிலில் கிடக்கும் லைப்போ ஒரு கோடையிலேயே உப்பிவிடும். பேட்டரியோடு மொத்த எடை 4,870 கிராம். செப்பனிட்ட பசையும் துணியும் சேர்ந்தும் வரம்புக்குள் நின்றது நிம்மதியாக இருந்தது.

பறப்பதற்கு எங்களுக்கு வாய்த்த இடம், கோடையில் வற்றிக் கிடக்கும் ஒரு கண்மாயின் உட்பரப்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டில் இருப்பதைச் சொல்லி, அங்கே போகலாமே என்று கேட்காத ஆளில்லை. அது நம் இஷ்டத்துக்கு நுழையும் இடமன்று. கண்மாயில் சரளைக் கல்தான் தொல்லை. புறப்படும் பாதையைக் கூட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் ப்ரொப்பெல்லரின் முன்விளிம்பு பல்பல்லாகிவிடும். மேய்ச்சலுக்கு ஆடுகள் வருமுன், காற்று எழும்புமுன், அதாவது சூரியன் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிம் பறப்புகளை முடித்துக்கொள்வோம். அதற்குமேல் செம்மண் பொட்டலிலிருந்து எழும் வெப்பக் காற்று விமானத்தைத் தூக்கிப்போடும். அப்போது விமானத்தின் கோணலையும் காற்றின் குறும்பையும் பிரித்தறிய முடியாது.

உயரத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. 150 மீட்டர் தொலைவில் 60 பாகை என்றால் உச்சி ஏறத்தாழ 260 மீட்டர். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலம் என்பது 400 அடி வரைதான். அதாவது சுமார் 120 மீட்டர். அதற்கு மேலே போக அனுமதி வேண்டும். எனவே ட்ரிம் வேலைக்கு முழுப் பெட்டியைப் பயன்படுத்தாமல், தாழ்வாகத் தொடங்கிக் குட்டையான செங்குத்துக் கோடுகளையே இழுத்தோம். நேராக ஏறும் பகுதி இரண்டு மூன்று விநாடிகளே நீடிக்கும். அந்த நேரத்தில் கண்ணால் கோணலைத் தீர்மானிப்பது கடினம் என்பதால், கூட வந்த தம்பி கைபேசியை முக்காலியில் நிறுத்தி, அதற்கு முன்னால் ஒரு கழியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டான். படத்தில் அந்த நூல் எப்போதும் உண்மையான செங்குத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். விமானத்தின் பாதை நூலிலிருந்து விலகும் இடத்தைப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இவ்வளவு பயன் தரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கிடைமட்டப் பறப்பில் ஏலரான் ட்ரிம் இரண்டு சொடுக்குகளுக்கு மேல் கேட்கவில்லை. இறக்கையின் வேலை சரியாக அமைந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அடுத்து 45 பாகையில் ஏறி, தலைகீழாகப் புரட்டி, குச்சியை விட்டுவிட்டுப் பார்க்கும் சோதனை. விமானம் சற்று தூரம் அதே கோட்டில் சென்று மெல்லத் தரையை நோக்கி வளைய வேண்டும். என்னுடையது உடனே மூக்கைத் தாழ்த்தியது; அதாவது மூக்குக் கனம். இரு பேட்டரிகளும் சேர்ந்து ஏறக்குறைய 1,200 கிராம். அவற்றைத் தாங்கியில் 10 மில்லிமீட்டர் பின்னே நகர்த்தினால் எடை மையம் சுமார் 2.5 மில்லிமீட்டர் பின்னே போகும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டால் களத்தில் தடவித் தடவிப் பார்க்கும் வேலை மிச்சம்.

த்ராட்டிலை அடியில் வைத்துச் செங்குத்தாக இறங்கும்போது, விமானம் தன் முதுகுப் பக்கமாக வளைந்து மேலெழப் பார்த்தது. இறக்கையின் பொருத்துகோணம் (உடலின் கோட்டோடு இறக்கை நிற்கும் கோணம்) தேவைக்கு மேல் இருந்தால் இப்படி வரும். எடை மையத்தைப் பின்னே நகர்த்தியதும், கிடைமட்டமாகப் பறக்க எலிவேட்டருக்குச் சற்றே கீழ்நோக்கிய ட்ரிம் தேவைப்பட்டது. அதனாலேயே இந்த வளைவு பாதி குறைந்தது. மீதிக்கு இரு இறக்கைகளின் பொருத்துகோணத்தையும் வேர்த் திருகுகளில் 0.1 பாகை போலக் குறைத்தேன். குறைத்ததும் எலிவேட்டர் ட்ரிம் தானாக நடுநிலைக்குத் திரும்பிவந்தது. எடை மையம், பொருத்துகோணம், எலிவேட்டர் ட்ரிம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்திகள். ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசி முடிக்க முடியாது.

முழு த்ராட்டிலில் செங்குத்தாக ஏறும் கோட்டில், முதல் பாதி நூலோடு ஒட்டிப் போனது. வேகம் குறையும் மேல்பாதியில் இடப்பக்கம் விலகியது. பக்கக் காற்றும் இதே மாதிரி ஏமாற்றும் என்பதால் காற்றில்லாத விடியலில் எதிரெதிர் திசைகளில் சோதித்துவிட்டே திருகில் கை வைத்தேன். மோட்டார் போல்ட்டுகளின் இடைவெளி 50 மில்லிமீட்டர். இடப்பக்க போல்ட்டுகளுக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் வைத்தால் ஏறக்குறைய 0.6 பாகை வலப்பக்கம் கூடும். அதன் பிறகு கோடு உச்சிவரை நூலோடு நின்றது. மூக்குக்கும், ப்ரொப்பெல்லரின் நடுவிலுள்ள கூம்பான ஸ்பின்னருக்கும் இடையேயான விளிம்பு இப்போது கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பக்கம் விலகியிருக்கிறது. அழகு பார்ப்பவர்கள் அதைச் சுட்டிக்காட்டத்தான் செய்கிறார்கள்.

இறுக்கமான வளையங்களில் இடது இறக்கை சற்றே தாழ்ந்தது. பசையின் கனம் அந்தப் பக்கம் கூடியிருப்பதால் எதிர்பார்த்ததுதான். ஊஞ்சல் சங்கிலிக் கொக்கிகளில் மூக்கையும் வாலையும் தொங்கவிட்டு, வலது இறக்கை நுனியில் 4 கிராம் ஈயம் வைத்துச் சமன் செய்தேன். உருளலில் அச்சு விலகவில்லை. ஏலரான்களின் ஏற்ற இறக்கத்தை வேறுபடுத்த வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. நடு உயரத்தில் இறக்கை வைத்த விமானங்களின் சௌகரியம் அது.

கடைசியாக நைஃப் எட்ஜ். உடலை ஒருக்களித்து, ரட்டரால் மட்டும் உயரத்தைக் காத்துக்கொண்டு பறக்கும்போது, விமானம் வயிற்றுப் பக்கமாக மெல்ல வளைந்தது. இதற்கு மிக்ஸிங்தான் மருந்து. ஆனால் பழைய ட்ரான்ஸ்மிட்டரில் 11 சதவீதம் இருந்த இடத்தில் இப்போது வலது ரட்டருக்கு 3, இடது ரட்டருக்கு 2 சதவீதம் எலிவேட்டர் போதுமானதாக இருந்தது. ரட்டரோடு ஏலரானைக் கட்டிவைக்கத் தேவையில்லாமல் போனது. த்ராட்டிலும் ரட்டரும் இணைந்த பழைய மிக்ஸிங்கை மோட்டாரின் வாஷர் தேவையற்றதாக்கிவிட்டது.

ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. த்ராட்டில் அடியில் இருக்க, நீளமாகச் செங்குத்தாக இறங்கும்போது மூக்கு வலப்பக்கம் இம்மியளவு நகர்கிறது. வலஞ்சாய்ந்த மோட்டார் அந்த நிலையில் எதையும் தள்ளுவதில்லை என்பதால், சந்தேகம் தூக்குக்குண்டு காட்டிக்கொடுத்த நிலைச்சிறகின் மேல்தான் விழுகிறது. அதை நேராக்க வேண்டுமானால் வாலை அறுத்து மறுபடி ஒட்ட வேண்டும்; வாலில் கூடும் ஒவ்வொரு கிராமும் எடை மையத்தை மறுபடி கலைக்கும். ஆகவே த்ராட்டில் குச்சி கடைசிக் கால்பங்குக்குக் கீழே இறங்கும்போது மட்டும் வேலை செய்யும் 1 சதவீத இடது ரட்டர் மிக்ஸிங் ஒன்றைப் போட்டிருக்கிறேன். வாலின் மேற்பூச்சை எப்போதாவது உரித்துப் புதுப்பிக்கும் வேலை வந்தால் அப்போது அறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.